உப்பின் உள்ளமைப்பு: ஒரு விஞ்ஞான விவாதத்தின் வரலாறு

1927ஆம் ஆண்டில், இலண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான வார இதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் ஹென்றி ஆம்ஸ்ற்றோங் என்ற முதுபெரும் இரசாயன அறிஞர். அப்பொழுது அவருக்கு 79 வயது. அவரது சினத்துக்கு ஆளான பொருள் வேறெதுவுமன்று, நாம் அன்றாடம் கறிக்கு இடும் உப்பே. சோடியம் ஒன்றும் குளோரீன் ஒன்றும் இணைந்த மூலக்கூறுகளின் குவியலே உப்பு என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டு வந்திருக்க, உப்புப் பளிங்கினுள் அத்தகைய மூலக்கூறு ஒன்றுகூட இல்லை, சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்போல இரு வகை அணுக்களும் மாறிமாறி நிற்கின்றன, அவ்வளவே என்று பௌதிகவியலாளர் சிலர் கூறத் தொடங்கியிருந்தனர். இது பகுத்தறிவுக்கே இழுக்கு என்பது கிழவரின் வாதம். இரசாயனத்தின் எல்லைக்குள் பௌதிகம் அத்துமீறி நுழைந்துவிட்டது என்று அவர் கருதினார்.

இக்கடிதத்தை இன்று படிப்போர் நகைப்பது எளிது. ஆனால் ஆம்ஸ்ற்றோங் அறிவிலி அல்லர். பென்சீனின் அமைப்புப்பற்றி 1887இலேயே நுட்பமான கருத்தொன்றை வெளியிட்டவர் அவர். எனவே அவர் ஏன் அவ்வாறு வெகுண்டார் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், கண்ணுக்குப் புலப்படாத அணுக்களின் அணிவகுப்பை மனிதன் எவ்வாறு கண்டான் என்ற கதையைத் தொடக்கத்திலிருந்தே கூறவேண்டும்.

1895ஆம் ஆண்டு யேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில மாதங்களுக்குள்ளேயே உலகெங்கும் வைத்தியர்கள் அதனைக் கொண்டு முறிந்த எலும்பையும் உடலுட் புகுந்த குண்டையும் தேடலாயினர். பயன் உடனே விளங்கிற்று, இயல்பு விளங்கவில்லை. அஃது ஒளியைப் போன்ற அலையா, அன்றித் துகள்களின் பாய்ச்சலா? பதினாறு ஆண்டுகள் கடந்தும் வினா தீரவில்லை. அலையே எனின், மெல்லிய கோடுகளை நெருக்கமாகக் கீறிய நெய்யரியில் ஒளி பட்டுக் கோணலடைந்து வரியுருவம் தருவதுபோல, எக்ஸ் கதிரும் தரல் வேண்டும். ஆனால் அதன் அலைநீளம் மிகச் சிறிதாயின், அத்துணை நெருக்கமான கோடுகளைக் கீறும் கருவியை எந்தக் கைவினைஞனாலும் ஆக்க இயலாது.

மறுபுறத்தில் பளிங்கியலார் நெடுங்காலமாக ஓர் ஊகத்தைப் பேணி வந்தனர். உப்பு எப்பொழுதும் கனசதுரமாகவே உடைகிறது. படிகக்கல் எங்கே கிடைத்தாலும் அதன் முகங்களிடையேயான கோணங்கள் மாறுவதில்லை. ஆகவே பளிங்கினுள்ளே யாதோ ஓர் அலகு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். கணித வல்லார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அத்தகைய அடுக்குமுறைகள் 230 வகையின என்று கணக்கிட்டு முடித்திருந்தனர். கணக்கு நிறைவாக இருந்தது. பளிங்குக்குள் புகுந்து பார்த்தவர் எவருமிலர்.

இந்த இரண்டு வினாக்களும் 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மியூனிச் நகரில் ஒரு மாலை உரையாடலிற் சந்தித்தன. எவால்ட் என்னும் இளம் ஆய்வு மாணவர், பளிங்கினுள் ஒளி செல்லும் முறைபற்றிய தமது ஆராய்ச்சியில் ஐயமொன்றைத் தெளிவிக்குமாறு மாக்ஸ் லாவ என்பவரை நாடினார். லாவ அவருடைய ஐயத்தைத் தீர்த்தாரோ இல்லையோ, வேறொரு கேள்வியைப் பற்றிக்கொண்டார். ஒளியைவிட மிகக் குறுகிய அலை பளிங்கினூடு சென்றால் என்ன நிகழும்? மனிதன் கீறமுடியாத நெய்யரியை இயற்கை உப்பிலும் மயில்துத்தத்திலும் கீறி வைத்திருக்கிறதல்லவா?

அத்துறையின் தலைவர் சொமபெல்ட் இதனை வரவேற்கவில்லை. அவரது தடை நியாயமானதே. பளிங்கின் அணுக்கள் அசையாது நிற்பனவல்ல. வெப்பத்தால் ஓயாது அதிர்பவை. அந்த அதிர்வே வரியுருவத்தைக் குழப்பி அழித்துவிடும் என்றார். ஆயினும் பிரீட்றிச், நிப்பிங் என்னும் இரு இளைஞர்கள் சோதனையை மேற்கொண்டனர். மயில்துத்தப் பளிங்கொன்றினூடு மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றையைப் பலமணி நேரம் செலுத்தி, பின்னால் வைத்த நிழற்படத் தட்டைக் கழுவிப் பார்த்தபொழுது, நடுப் புள்ளியைச் சுற்றி மங்கலான பல புள்ளிகள் தோன்றின. பின்னர் நாகசல்பைட்டுப் பளிங்கை வைத்து எடுத்த படத்தில் அப்புள்ளிகள் கோலமிட்டாற்போலச் செவ்வையாக அமைந்தன. எக்ஸ் கதிர் அலை என்பதும், பளிங்கு ஒழுங்கான அணியென்பதும் ஒரே தட்டில் நிறுவப்பட்டன. லாவவுக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை அவர் சோதனை செய்த இருவருடனும் பகிர்ந்துகொண்டார். கைகளால் உழைத்தவரை மறந்துவிடும் வழக்கம் விஞ்ஞான உலகிலும் உண்டாதலின், இதனைக் குறிப்பிடுவது தகும்.

ஆனால் புள்ளிகளைக் காண்பது வேறு. அவற்றைப் படித்து அணுக்களின் இருப்பிடத்தை உரைப்பது வேறு. இந்த இரண்டாம் படியைத் தாண்டியவர் கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த 22 வயது மாணவர் லோறன்ஸ் பிறாக். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிற் பிறந்தவர். தந்தை வில்லியம் பிறாக் லீட்சில் பௌதிகப் பேராசிரியர். தந்தையோ எக்ஸ் கதிர் துகளே என வாதிட்டு வந்தவர். மகன் அலைப் பக்கம் சாய்ந்தார்.

அவரது எண்ணத்தின் எளிமையை ஒரு தென்னந்தோப்பைக்கொண்டு விளக்கலாம். வரிசை தவறாது நட்ட தோப்பின் ஓரத்தில் நின்று பார்த்தால், நேரே ஒரு வகை வரிசைகள் தெரியும். சற்றே முகத்தைத் திருப்பினால் குறுக்கே வேறு வரிசைகள் தோன்றும். இன்னும் திருப்பினால் வேறு. மரங்கள் இடம் மாறவில்லை. வரிசைகள் மாத்திரம் எண்ணற்றன. பளிங்கினுள் அணுக்களும் அவ்வாறே பல தளங்களாக நிற்கின்றன. ஒவ்வொரு தளமும் எக்ஸ் கதிரின் சிறு பகுதியைக் கண்ணாடிபோலத் தெறிக்கச் செய்யும். அடுத்தடுத்த தளங்களிலிருந்து தெறித்துவரும் அலைகள் கடக்கும் தூரங்களின் வேறுபாடு, அலைநீளத்தின் முழு எண் மடங்காக இருந்தால் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். இல்லையெனின் ஒன்றையொன்று அழிக்கும். ஆகவே தெறிக்கும் கோணத்தை அளந்தால் தளங்களின் இடைத்தூரம் கிடைத்துவிடும். 1912 நவம்பரில் கேம்பிரிட்ஜ் மெய்யியற் சங்கத்தில் இக்கட்டுரை படிக்கப்பட்டது. ஒரு வரியில் அடங்கும் இந்தச் சமன்பாட்டை இன்று உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர்.

கேம்பிரிட்ஜின் இரசாயனப் பேராசிரியர் போப் பாறையுப்பையும் அதன் இனப் பொருள்களையும் ஆராயுமாறு தூண்டினார். இங்கேதான் நமது கதையின் நுட்பம் இருக்கிறது. பொற்றாசியம் குளோரைட்டு மிக எளிய கனசதுர அணியின் புள்ளிகளைத் தந்தது. சோடியம் குளோரைட்டு அவ்வாறன்றிச் சற்றுச் சிக்கலான உருவத்தைத் தந்தது. இரண்டும் ஒரே வடிவில் விளையும் உப்புக்கள். பின் வேறுபாடு ஏன்? லோறன்ஸ் பிறாக் கண்ட விடை இது: அமைப்பு இரண்டிலும் ஒன்றே. பொற்றாசியமும் குளோரீனும் எக்ஸ் கதிரைச் சிதறச் செய்வதில் ஏறக்குறைய ஒத்த வலிமையுடையன. ஆதலால் கதிர் அவற்றை வேறுபடுத்தி அறிவதில்லை, எல்லாம் ஒரே வகை அணுவெனக் காண்கிறது. சோடியம் மெலிந்தது; குளோரீன் வலியது; ஆதலால் அங்கே இரு வகை புலப்படுகின்றன. இந்த ஒப்பீட்டின் முடிவாக 1913இல் உப்பின் படம் தெளிவாயிற்று. ஒவ்வொரு சோடியத்தையும் சூழ ஆறு குளோரீன். ஒவ்வொரு குளோரீனையும் சூழ ஆறு சோடியம். எந்தச் சோடியம் எந்தக் குளோரீனுக்கு உரியது என்று கேட்டால் விடையில்லை. அண்டை அணுக்களின் தூரம் ஏறத்தாழ 2.8 அங்ஸ்ற்றம், அஃதாவது ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில் மூன்றரைக் கோடி அணுக்கள் நிரைநிற்கும்.

(இப்படத்திலிருந்து சமுதாயத்துக்கு உவமை எடுக்க நம் பேச்சாளர் சிலர் துடிப்பர். உப்பை உப்பாகவே விட்டுவிடுதல் நன்று.)

தந்தை லீட்சில் ஒரு நிறமாலைமானியை அமைத்தார். மகன் அங்குச் சென்று கூடவே உழைத்தார். வைரத்தின் அமைப்பும் அவ்வாண்டே வெளியாயிற்று: ஒவ்வொரு காபன் அணுவும் நான்கு அணுக்களால் நாற்புறமும் பற்றப்பட்டிருக்கும் இறுகிய வலை. கண்டுபிடிப்பின் புகழ் பெரும்பாலும் தந்தையையே சென்றடைந்ததால் மகனுக்கு மனத்தாங்கல் இருந்ததென்பது பிற்காலத்தில் வெளிப்பட்ட செய்தி.

பின்னர்ப் போர் வந்தது. 1914இல் லோறன்ஸ் பிறாக் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். மறு ஆண்டு பிரான்சுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, எதிரியின் பீரங்கி எங்கே உள்ளதென்பதை ஒலியைக் கொண்டு கணிக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். அவருடைய தம்பி றொபேட் 1915இல் கலிப்பொலியில் மாண்டார். எக்ஸ் கதிர் நிறமாலையைக் கொண்டு மூலகங்களின் அணுவெண்ணை நிறுவிய மோஸ்லி என்னும் இளைஞரும் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அதே கலிப்பொலியில் 27 வயதிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்பியை இழந்த சில வாரங்களுக்குள், தந்தையோடு தமக்கும் அவ்வாண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்ட செய்தி லோறன்சைப் போர்முனையிற் சென்றடைந்தது. வயது 25. விஞ்ஞானப் பரிசு பெற்றோருள் அவரினும் இளையவர் இன்றுவரை இலர்.

போர் விஞ்ஞானிகளை ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்தும் வைத்தது. பெரிய பளிங்கு தேவையில்லை, தூளாக்கிய பொருளே போதும் என்னும் முறையை 1916இல் யேர்மனியில் டெபையும் செரரும் வகுத்தனர். இஃதறியாமலே 1917இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஹல் என்பவர் அதே முறையைக் கண்டார். தூள்முறையின் சிறப்பு, உலோகங்கள், களிமண், சீமெந்து ஆகிய யாவற்றையும் அது சோதிக்க வல்லது என்பதே. இரும்பின் அணு அடுக்கு தெரிந்தது; செந்தணலில் அவ்வடுக்கு மாறுவதும் 1920களில் தெரிந்தது; உருக்கைச் சூடாக்கித் தோய்ப்பதில் கொல்லன் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த மாற்றத்துக்குக் காரணம் கிடைத்தது. 1938இல் டௌ இரசாயனக் கம்பனியைச் சேர்ந்தோர் ஆயிரம் பொருள்களின் கோலங்களைத் தொகுத்து, விரலடையாளங்கொண்டு ஆளை இனங்காண்பதுபோலப் பொருளை இனங்காணும் முறையை வெளியிட்டனர். பல்கலைக்கழக மேசையிற் பிறந்த அறிவு, கால் நூற்றாண்டுக்குள் பெருமூலதனத்தின் கருவிப் பெட்டியில் இடம்பெற்றுவிட்டதை இங்கே காண்கிறோம்.

போருக்குப் பின்னர் வில்லியம் பிறாக் இலண்டனில் அமைத்த ஆராய்ச்சிக் குழுவை நோக்குவோம். 1923இல் அவர் றோயல் இன்ஸ்ரிரியூஷன் நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கு வந்த இளைஞருள் அயர்லாந்திற் பிறந்த பேர்ணால் ஒருவர், ஜே. டி. பேர்ணால் என்ற பெயரை இவ்விதழின் வாசகர்க்கு அறிமுகஞ்செய்யத் தேவையில்லை. கம்யூனிஸ்ற் கட்சியில் 1923இற் சேர்ந்த அவர், மறு ஆண்டு காரீயத்தின் அமைப்பை வெளியிட்டார். காரீயமும் வைரமும் ஒரே காபனே. ஆனால் காரீயத்தில் அணுக்கள் அறுகோண வலைகளாகப் பின்னித் தாள்போலக் கிடக்கின்றன. ஒரே தாளில் அண்டை அணுக்களின் தூரம் 1.42 அங்ஸ்ற்றம், தாளுக்கும் தாளுக்கும் இடையே 3.35. இடைவெளி பெரிது, பிணைப்பு நலிந்தது, ஆதலால் தாள்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குகின்றன; பென்சில் எழுதுகிறது. இலங்கைச் சுரங்கங்களில் நம் தொழிலாளர் கரிபடிந்த உடலோடு அகழ்ந்தெடுத்த காரீயம், முதலாம் உலகப் போரின்போது உலோகம் உருக்கும் மூசைகளுக்காகப் பெருந்தொகையாகக் கப்பலேறிற்று. அப்பொருள் ஏன் மென்மையாயும் அதேவேளை கொடுந்தீயைத் தாங்குவதாயும் உளதென்பதற்கு விடை, அப்போர் ஓய்ந்து ஆறாண்டுகளின் பின்னரே கிடைத்தது.

அதே நிலையத்துக்கு வந்த மற்றொருவர் கதலீன் யார்ட்லி. திருமணத்தின் பின் லோன்ஸ்டேல். இவரும் அயர்லாந்திற் பிறந்தவரே. பத்துப் பிள்ளைகளுட் கடைக்குட்டி. குடும்பம் இங்கிலாந்திற் குடியேறியபின், பெண்கள் பாடசாலையிற் பௌதிகமும் உயர்கணிதமும் கற்பிக்கப்படாமையால் அப்பாடங்களுக்காக ஆண்கள் பாடசாலைக்குச் சென்று படித்தார். 1922இல் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சையில் அவர் முதலிடம் பெற்றதைக் கண்ட வில்லியம் பிறாக், தம் குழுவுக்கு அவரை அழைத்தார். பெண்களை இரசாயனச் சங்கத்தின் உறுப்பினராக்கக்கூடாதென்று முன்னின்று தடுத்தவர்களுள் ஒருவர் நாம் முதலிற் கண்ட ஆம்ஸ்ற்றோங் என்பதை இங்கே நினைவுகூரல் வேண்டும். உப்பில் மூலக்கூறு இல்லையென்பதும், ஆய்வுகூடத்தில் பெண் இருக்கலாமென்பதும் அவருக்கு ஒருங்கே ஒவ்வாத செய்திகள்.

1865 முதல் இரசாயனவியலாளரை மயக்கி வந்தது பென்சீன் வளையம். ஆறு காபன் அணுக்கள் வளையமாக உள்ளனவென்று கேக்கூலே உரைத்தார். ஆனால் அவ்வளையம் தட்டையா, வைரத்தில் உள்ளதுபோல நெளிந்ததா, அணுக்களின் இடைத்தூரங்கள் ஒத்தனவா, மாறுபட்டனவா என்பதை எவரும் அறியார். வில்லியம் பிறாக் நெளிந்ததென்றே கருதினார். அப்பொழுது லீட்சில் வாழ்ந்த லோன்ஸ்டேல், அறுமெதைல் பென்சீன் என்னும் பொருளின் பளிங்கை ஆராய்ந்தார். அதன் ஓர் அலகறையில் ஒரேயொரு மூலக்கூறு மாத்திரம் இருந்தமை அவருக்கு வாய்த்த நற்பேறு. கணிக்கும் இயந்திரம் எதுவுமின்றி, கையாற் போட்ட கணக்கின் முடிவை 1929இல் வெளியிட்டார். வளையம் தட்டையானது; ஒழுங்கான அறுகோணம்; அதன் அளவு காரீயத் தாளின் அறுகோணத்தை ஒத்தது. தம் கருத்தைப் பொய்ப்பித்த இம்முடிவை வில்லியம் பிறாக் மகிழ்வோடு வரவேற்றார். பிள்ளைகள் பிறந்து வீட்டிற் கட்டுண்டிருந்த காலத்திலும் லோன்ஸ்டேலின் கணக்குகள் தொடர்ந்தன. வீட்டுவேலைக்கு உதவியாள் ஒருவரை அமர்த்தப் பணந்தேடித் தந்தவரும் பிறாக்கே. அந்தச் சிறு தொகை இல்லாதிருந்தால் விஞ்ஞானம் யாதை இழந்திருக்கும் என்பதைச் சிந்திப்போர் சிந்திக்க.

1935இல் கணவரும் அவரும் குவேக்கர் சமயக் குழுவிற் சேர்ந்தனர். போர் எவ்வகையினதாயினும் தீதென்பது அவர்களது நம்பிக்கை. இரண்டாம் உலகப் போரில் குடிமக்கள் பாதுகாப்புக் கடமைக்குப் பெயர் பதியுமாறு அரசாங்கம் ஆணையிட்டது. மூன்று சிறு பிள்ளைகளின் தாயாதலின், பெயரைப் பதிந்திருந்தாலே அவருக்கு விலக்குக் கிடைத்திருக்கும். அவரோ பதிய மறுத்தார். இரண்டு பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அதையும் கட்ட மறுத்தார். 1943இல் ஹொலவே சிறையில் ஒரு மாதம் அடைக்கப்பட்டார். வெளிவந்தபின் சிறைச் சீர்திருத்தத்துக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார். சிறை சென்று இரண்டாண்டுகளில், 1945இல், 1660 முதல் ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த றோயல் சங்கம், முதன்முதலாகத் தேர்ந்த இரு பெண்களுள் ஒருவராக அவரை ஏற்றது.

பேர்ணால் வேறு வழியிற் சென்றார். பாசிசத்தை ஆயுதத்தால் முறியடித்தே தீரவேண்டுமென்று கருதிய அவர், குண்டுவீச்சின் விளைவுகளைக் கணிப்பதிலும், நோர்மண்டிக் கரையிறக்கத்துக்கான ஆயத்தத்திலும் தம் அறிவை ஈடுபடுத்தினார். இவ்விருவருள் எவர் வழி சரி என்ற கேள்விக்கு, ஹிற்லரை எதிர்நோக்கிய அந்த நேரத்தில் பேர்ணாலின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் பேர்ணாலைப் போற்றுவோர் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. போருக்குப் பின், சோவியத் நாட்டில் லைசெங்கோவின் போலி உயிரியல் அதிகார பலத்தால் நிலைநாட்டப்பட்டபோது அவர் அதனை ஆதரித்து எழுதினார். காரீயத்தில் ஓர் அணுவின் இருப்பிடத்தைச் சொல்லத் தம் கண்ணால் அளந்த கோணத்தை மட்டுமே நம்பிய மனிதர், கோதுமையின் விடயத்தில் கட்சியின் தீர்மானத்தை நம்பினார். முற்போக்காளர் என்போர் இந்த முரணை எதிரிகள் சுட்டும்வரை காத்திருத்தல் ஆகாது.

சொமபெல்ட் 1912இல் எழுப்பிய தடையை நாம் நடுவழியில் விட்டுவந்தோம். வெப்ப அதிர்வு புள்ளிகளை அழிக்கவில்லை. மங்கச் செய்வதோடு, அவற்றின் இடையிடையே பரந்த ஒளிப்படலங்களையும் தோற்றுவிக்கிறது. 1940இல் வைரத்தின் இப்படலங்களைப்பற்றி, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் பெங்களூரிலிருந்து ஒரு புதுக் கொள்கையை வெளியிட்டார். லோன்ஸ்டேல் அதனை மறுத்தார். காரசாரமான விவாதம் நெடுநாள் நடந்தது. இறுதியில் நிலைத்தது வெப்ப அதிர்வு விளக்கமே. இராமனின் பெருமை நமக்கு உவப்பானது என்பதற்காக அவர் தோற்ற வாதத்தை வென்றதாகக் காட்டுதல் வரலாறாகாது.

அந்தப் பெங்களூர் வைர ஆராய்ச்சியிற் பயின்ற மாணவரே ஜி. என். இராமச்சந்திரன். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைமையை ஏற்ற அவரை, அங்கு வருகைதந்த பேர்ணால், தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் நாரின் அமைப்பு இன்னும் தீராத புதிரென்று கூறித் தூண்டிவிட்டார். சென்னையிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வாற்றசைநாண் கிடைத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று புரிகள் சேர்ந்த கயிறு போன்ற அமைப்பை 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டு, மறு ஆண்டு அதனைத் திருத்தினர். அணுக்கள் மிதமிஞ்சி நெருங்கி நிற்பதாக மேல்நாட்டார் குறைகூறினர். எவ்வளவு நெருக்கம் இயலும் என்பதை ஊகத்துக்கு விடாது, அறிந்த பளிங்கமைப்புக்களிலிருந்து அணுத் தூரங்களைத் திரட்டிக் கணக்கிடச் சென்னையார் முனைந்தனர். அதன் விளைவாக 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடம், இன்றும் உலகின் எந்த ஆய்வுகூடத்தில் புரத அமைப்பொன்று தீர்க்கப்பட்டாலும் அது பிழையற்றதா என்று ஒத்துப்பார்க்கும் உரைகல்லாக வழங்குகிறது.